ரெண்டு பேரும் வந்தாத்தான் கணக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்று ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். சீனி போடாமல்.

மூன்று மாதமாக ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு ரெண்டு டீச்சர்மார் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு ரோட்டில் மேலும் கீழும் நடக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை. குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று சிலர் கேட்டார்கள். ஒரு மாமி, "எங்கட கெணத்துல வந்து அள்ளுங்க மகள், எதுக்கு இவ்வளவு தூரம் சுமக்கிறீங்க" என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும். அந்த ரெண்டு பேரும் நாங்கள்தான். கேனில் இருந்தது சும்மா தண்ணீர். எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து, மல்லிகைச் செடிக்கு ஊற்றினோம்.

எங்களில் ஒருத்தி மூத்தவள், ஒருத்தி இளையவள். ரெண்டு பேரும் ஒரே பாடசாலை, ஒரே ஸ்டாஃப் ரூம், பக்கத்துப் பக்கத்து மேசை. இதை எழுதுவது எவள் என்று தேட வேண்டாம். ஒருத்தி எழுத மற்றவள் வெட்டி, அவள் வெட்டியதை இவள் திரும்பச் சேர்த்துத்தான் இங்கே வருகிறது.

தொடங்கியது ஒரு ரிப்போர்ட்டில். மூத்தவளுக்குக் கடைசிக் குழந்தை வயிற்றில் இருந்தபோது சீனி கூடியது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம், மறந்துவிட்டோம். மறக்கக் கூடாதாம். கர்ப்ப காலத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பின்னால் நிரந்தரமாகச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு கூட. நாலு வருசம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.5 தொட்டால் வருத்தம். இடையில் இருப்பவர்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். அவள் உம்மாவுக்கு இடது காலில் ரெண்டு விரல் இல்லை. ஏன் இல்லை என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, வீட்டுக்கு வீடு ஒரு கால் இருக்கிறது.

டொக்டர் "நடங்க" என்றார். நடந்தோம். வார விடுமுறையில் கண்டிக்குப் போய் வாவியைச் சுற்றினோம். 1807இல் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிய வாவி, ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேலே. காலையில் நல்ல காற்று. மரத்தில் இருக்கும் நீர்க்காகங்கள் மேலே ஒன்றும் போடாமல் இருந்தால் நல்ல நடைதான். ஆனால் நாங்கள் நடந்ததைவிடப் பேசியது கூட. சுற்றி முடித்து டவுனில் ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ். கணக்குப் பார்த்தால் நடந்ததற்கு மேல் சாப்பிட்டிருக்கிறோம்.

அப்போதுதான் இளையவள் ஒரு வீடியோ காட்டினாள். ஹைரொக்ஸ் என்று ஒரு போட்டி. ஜெர்மனியில் 2017இல் தொடங்கியது. தொடங்கிய ரெண்டு பேரில் ஒருவர் மொரிட்ஸ் ஃபூர்ஸ்டே, ஹொக்கியில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். 2025 மே மாதம் மும்பைக்கும் வந்துவிட்டது. ஒரு கிலோமீற்றர் ஓட வேண்டும், பிறகு ஒரு கடும் வேலை. திரும்ப ஒரு கிலோமீற்றர், வேறொரு வேலை. இப்படி எட்டு. பாரமேற்றிய சறுக்குப் பலகையைத் தள்ளுவது, அதையே கயிற்றால் இழுப்பது, தரையில் விழுந்தெழும்பிப் பாய்வது, துடுப்பு இயந்திரம், ரெண்டு கையிலும் பாரம் தூக்கி 200 மீற்றர் நடப்பது, மணல் மூட்டையைத் தோளில் வைத்து முழங்கால் மடித்து மடித்துப் போவது, கடைசியில் பாரப் பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது. தனியாகவும் செய்யலாம், ஜோடியாகவும் செய்யலாம்.

ஜோடிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வேலைகளை ரெண்டு பேரும் விரும்பியபடி பிரித்துக்கொள்ளலாம், ஒருத்தி செய்ய மற்றவள் மூச்சு வாங்கலாம். ஓட்டத்தைப் பிரிக்க முடியாது. எட்டு ஓட்டமும் ரெண்டு பேரும் சேர்ந்தே ஓட வேண்டும். ஒருத்தி முந்திப் போய் நின்றால் பலனில்லை, மற்றவளும் வந்தால்தான் அடுத்த வேலை தொடங்கும்.

அந்தச் சட்டத்தை வாசித்தபோது "ஆ, நல்லது" என்று சிரித்தோம். அது எங்களை எவ்வளவு பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

பெண்களுக்கு மட்டும், அதே மாதிரியில், பாதித் தூரத்தில் ஒரு போட்டி வைக்கிறோம் என்று கண்டியில் ஒரு ஜிம்மிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தது. 12 கிழமை இருந்தது. மூத்தவள் யோசிக்காமல் பெயர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ரெண்டு நாள் வீட்டில் சொல்லவில்லை.

பயிற்சிக்கு இடம் தேடியதுதான் முதல் பாடு. எங்களுக்குக் கிட்ட இருக்கும் ஒரு ஜிம்மில் பெண்களுக்கான நேரம் காலை 10 முதல் 12 வரை. அந்த நேரத்தில் நாங்கள் தரம் 7க்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருப்போம். வேலைக்குப் போகாத பெண்களுக்காக வைத்த நேரம் என்றார்கள். அவர்களைக் கேட்டால், அந்த நேரம்தானே சமைக்கும் நேரம் என்கிறார்கள். மைதானம் ஆண் பிள்ளைகளுக்கு. கல்யாண ஹோலுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சொன்ன வாடகையை இங்கே எழுதினால் எங்களுக்கே வெட்கம். ஆகவே மூத்தவளின் வீட்டுப் பின் முற்றமே ஜிம். மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் பலா மரம், மேலே யாரும் எட்டிப் பார்க்காதபடி தகரம்.

சாமான்கள் நாங்களே செய்தவை. பெண்கள் பிரிவில் கைப்பாரம் ஒரு கைக்கு 16 கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே 20 லீற்றர் கேனில் 16 லீற்றர் அளந்து ஊற்றி, மட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டினோம். (கேனின் நிறை தனி என்று இளையவள் சொன்னாள். விஞ்ஞான டீச்சர் இல்லையா.) மணல் மூட்டை 10 கிலோ, கடைத் தராசில் நிறுத்தோம், கடைக்கார நானா காசு வாங்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. பாரப் பந்து 4 கிலோ வேண்டும். பழைய புட்போல் ஒன்றை வெட்டி மணலும் துணியும் திணித்துச் சப்பாத்துத் தைப்பவரிடம் தைத்தோம். மூன்றாம் நாள் பிரிந்து முகத்தில் கொட்டியது. திரும்பத் தைத்தோம். சுவரில் 2.7 மீற்றரில் சோக்கால் ஒரு கோடு. பலா மரக் கிளையில் சைக்கிள் டியூப் கட்டி இழுத்தது இன்னொன்று. சறுக்குப் பலகைக்குத்தான் வழியில்லை. கடைசியில் த்ரீவீலரைத் தள்ளினோம். மூத்தவளின் கணவர் உள்ளே இருந்து ஹேண்டில் பிடித்தார். "பெற்றோல் மிச்சம்" என்று தினமும் அதே பகிடி. 12 கிழமையும்.

ஓடுவதற்கு ரோட்டு இருந்தது, ஆனால் ரோட்டில் அபாயாவுடன் வேகமாக நடக்கத்தான் எங்களுக்கு மனம் வந்தது. ஓட்டத்துக்குப் படி. எங்கள் பக்கம் வீடு என்றால் படிதான், ரோட்டிலிருந்து மூத்தவளின் வீட்டுக்கு 86 படி, ரெண்டு பக்கமும் மதில். வேகமாக ஏறு, மெதுவாக இறங்கு, எட்டுத் தடவை. பால்காரர் வருமுன் முடிக்க வேண்டும்.

இதற்கிடையில் இளையவள் ஜப்பானியப் பேராசிரியர் இஸுமி தபாதாவைப் பற்றி வாசித்துவிட்டு வந்தாள். பனிச்சறுக்கு வேகப் போட்டியாளர்களுக்கு ஒரு பயிற்சியாளர் கொடுத்துவந்த முறையை அவர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். 20 செக்கன் முழுப் பலத்தோடு, 10 செக்கன் ஓய்வு, இப்படி எட்டு முறை. மொத்தம் நாலே நிமிடம். நாலு நிமிடம்தானே என்று நாங்களும் நினைத்தோம். ஐந்தாவது முறையில் மூத்தவள் முற்றத்தில் படுத்துவிட்டாள். யூடியூபில் சிரித்துச் சிரித்துக் கைகால் ஆட்டி "தபாதா" என்கிறார்களே, சிரிக்க முடிகிறதென்றால் அது தபாதா இல்லை. தயவுசெய்து, இதைப் பார்த்துவிட்டு நாளைக் காலை யாரும் நேரே இதில் இறங்க வேண்டாம். நாங்கள் டொக்டரிடம் கேட்டு, இருதயத்தைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்கினோம்.

அன்று ஒரு பயம் வந்தது. வீட்டில் உம்மாவுக்குச் சீனி பார்க்கும் மெஷின் இருக்கிறதே, மூத்தவள் பயிற்சி முடிந்ததும் விரலில் குத்திப் பார்த்தாள். தொடங்குமுன் இருந்ததைவிடக் கூட. குறைக்கத்தானே இந்தப் பாடு, ஏறியிருக்கிறதே என்று அழுகை வந்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் சிரித்தார். முழுப் பலத்தோடு உடம்பை வருத்தினால் அட்ரினலின் கூடும், ஈரல் தன்னிடமுள்ள சீனியை இரத்தத்தில் விடும், கொஞ்ச நேரத்தில் இறங்கும் என்றார். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்துச் சீனியை எடுத்துக்கொள்ளுமாம். பயிற்சி முடிந்தபின் ஒரு நாள், சிலவேளை ரெண்டு நாள்வரை இன்சுலின் நன்றாக வேலை செய்யுமாம். அதனால்தான் கிழமைக்கு ஒரு நாள் போட்டு அடிக்காமல் விட்டு விட்டுச் செய்யச் சொல்கிறார்கள். நடப்பதோடு பாரமும் தூக்குங்கள் என்று டொக்டர் அன்றுதான் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது, கிழமைக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை.

பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. கல்யாணம் முடித்த பெண்களுக்கு என்னத்துக்கு ஓட்டம் என்று ஒரு வொய்ஸ் சுற்றியது, எங்கள் பெயர் இல்லாமல், ஆனால் கேன் இருந்தது. பதில் போட இளையவள் துடித்தாள். மூத்தவள் விடவில்லை. ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் நபிகளாரோடு (ஸல்) ஓட்டப் போட்டி வைத்ததை அபூதாவூதில் எல்லோரும்தான் படித்திருக்கிறோம். முதல் முறை அவர்கள் முந்தினார்கள், உடம்பு வைத்தபின் நடந்த அடுத்த முறை நபிகளார் முந்தினார்கள், அதற்கு இது என்றார்கள். கணவனும் மனைவியும், பயண வழியில், சிரித்துக்கொண்டு. அந்த வொய்ஸ் அனுப்பியவரும் அதைப் படித்தவர்தான். அவருடைய வீட்டுக்காரி இப்போது எங்கள் முற்றத்துக்கு வருகிறார். அதை அதிகம் சொல்லக் கூடாது.

உண்மையான சண்டை வெளியிலிருந்து வரவில்லை. ஆறாம் கிழமை எங்களுக்குள் வந்தது.

இளையவள் மெலிந்தவள், ஓட்டக்காரி, பாடசாலைக் காலத்தில் மாகாண மட்டம் வரை போனவள். படியில் அவள் மேலே போய் நிற்கும்போது மூத்தவள் அறுபதாவது படியில். ஒவ்வொரு முறையும் மேலே நின்று, "கெதியா வாங்க தாத்தா, வாங்க, வாங்க." உற்சாகப்படுத்துவதாக அவள் நினைத்தாள். கீழேயிருந்து கேட்டவளுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. ஒரு நாள் மழைத் தூறல், படி வழுக்கல். இளையவள் அன்று பொறுக்காமல், "நீங்க இப்படி வந்தா நாங்க கடைசிதான்" என்றாள். மூத்தவள் இருந்த படியிலேயே உட்கார்ந்தாள். "எனக்கு ஏலா. நீங்க வேற ஆளப் பாருங்க."

மூன்று நாள் பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து மேசை. இடாப்புப் புத்தகம் வேண்டுமென்றால் பியோனைக் கூப்பிட்டு வாங்கினோம். அந்தக் கிழமை பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுனில் ரோட்டுக்குத் தண்ணீர் ஏறியது, பாடசாலைக்குப் பிள்ளைகளும் குறைவு, பேசாமல் இருக்க நிறைய நேரம் கிடைத்தது.

அதில் யார் பிழை என்று இன்னும் எங்களுக்குள் முடிவில்லை. இளையவள் வெல்ல ஆசைப்பட்டாள், போட்டிக்குப் பெயர் கொடுத்தால் ஆசைப்படத்தானே வேண்டும். மூத்தவளுக்குப் போட்டி ஒரு சாட்டு, அவளுக்கு வேண்டியது அந்த 6.3 இறங்குவது. ரெண்டு பேரும் ரெண்டு காரணத்துக்காக ஒரே படியில் ஏறிக்கொண்டிருந்தோம், அதை ஒருத்திக்கு மற்றவள் சொல்லவேயில்லை. உம்மாவின் காலைப் பற்றி இளையவளுக்குத் தெரியும். மகள் தன் காலை ஒவ்வொரு இரவும் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கிறாள் என்பது தெரியாது.

நாலாம் நாள் இளையவள் வட்டிலாப்பம் கொண்டு வந்தாள். சீனி வருத்தத்துக்குப் பயந்தவளுக்கு வட்டிலாப்பம்! ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அதை மற்ற டீச்சர்மார் சாப்பிட்டார்கள். நாங்கள் வெளியே போய், படிக்கட்டில் இருந்து பேசினோம். அன்றுதான் காலைத் தடவும் கதை வந்தது.

அடுத்த காலை ஒன்றே ஒன்றை மாற்றினோம். மூத்தவள் முன்னால், இளையவள் பின்னால். பின்னால் வருபவள் முந்தக் கூடாது, பேசவும் கூடாது. முன்னால் போகிறவள்தான் வேகத்தைத் தீர்மானிப்பாள். முதல் கிழமை இளையவளுக்கு இது சித்திரவதை, காலைக் கட்டி விட்டது மாதிரி. ஆனால் முன்னால் போகும்போது மூத்தவள் நிற்கவில்லை. யாரும் மேலே இருந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்பதாம் கிழமை எட்டு முறையும் நிற்காமல் ஏறினாள்.

போட்டி நாள். வாசலில் போன் எல்லாம் வாங்கி வைத்தார்கள், உள்ளே ஆண்கள் யாரும் இல்லை, ஜன்னல்களுக்குத் திரை. 17 ஜோடி. சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், எங்களைப் போல நாலைந்து பேர். மண்டபத்தை ஐந்து சுற்றினால் 500 மீற்றர்.

உண்மையான சறுக்குப் பலகையை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். த்ரீவீலருக்குச் சில்லு இருக்கிறது, முதல் தள்ளுதான் கஷ்டம், பிறகு அது தானாகப் போகும். இது கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஒவ்வோர் அடிக்கும் முதல் தள்ளுதான். 47 கிலோ நிறையுள்ள இளையவள் முழுப் பலத்தோடு சாய்ந்தாள். அசையவில்லை. திரும்பச் சாய்ந்தாள், சப்பாத்து வழுக்கி முழங்காலில் விழுந்தாள். மூத்தவள் "தள்ளிக்கோங்க புள்ள" என்று வந்து, தோளைக் கொடுத்து, கம்பளம் முடியும்வரை ஒரே மூச்சில் கொண்டு போனாள். இழுத்ததிலும் பெரும்பங்கு அவள்தான். கைப்பாரத்தில் பக்கத்து ஜோடி ரெண்டு தடவை கீழே வைத்து எடுத்தது, நாங்கள் வைக்கவேயில்லை. 12 கிழமைத் தண்ணீர்.

ஏழாவது ஓட்டத்தில் மூத்தவளின் முகம் வெளுத்தது. இளையவள் பின்னால் வந்துகொண்டிருந்தாள், சட்டப்படி பேசக் கூடாது. பேசினாள். என்ன சொன்னாள் என்று ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. "கெதியா வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு சுற்று நடந்தோம், ரெண்டு மிடறு தண்ணீர், திரும்ப ஓடினோம். கடைசிப் பந்தெறிதலில் ஐம்பதை முப்பது இருபது என்று பிரித்தோம். முப்பது இளையவளுக்கு. அதில் நாலு கோட்டுக்குக் கீழே பட்டது, எண்ணுகிற அக்கா விடவில்லை, திரும்ப எறிய வைத்தார்.

58 நிமிடம் 40 செக்கன். 12ஆம் இடம். பரிசு ஒரு மெடலும் ஒரு வாழைப்பழமும். மெடல் மூத்தவளின் உம்மாவின் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது, அவர் அதை யாருக்கும் தருகிறாரில்லை.

போட்டி முடிந்து ரெண்டு கிழமையில் ரிப்போர்ட் வந்தது. 5.9. எல்லைக்கோட்டைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை, டொக்டர் "விட்டிராதீங்க" என்றார். மூத்தவள் அந்தத் தாளை இடாப்புக்குள் வைத்து இளையவளின் மேசைக்குத் தள்ளினாள். மூன்றாம் பாடவேளை, தரம் 7 காத்திருந்தது. இளையவள் பார்த்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் "தொடர்க" என்று எழுதிக் கையொப்பம் போட்டாள், பாடக்குறிப்பில் அதிபர் எழுதுவாரே, அப்படி.

இப்போது முற்றத்துக்கு எங்களோடு ஏழு பேர் வருகிறார்கள். அதில் மூன்று பேருக்குச் சீனி, ஒருவருக்குப் பிரஷர், அவருக்குத் தபாதா கிடையாது, கேன் மட்டும், அதுவும் பாதி. இடம் போதவில்லை. பள்ளி நிர்வாகத்தில், கல்யாண ஹோல்களில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் நானாமார் யாராவது இதை வாசித்தால் கேட்டுக்கொள்கிறோம்: கிழமையில் மூன்று நாள், காலை 5.30 முதல் 6.30 வரை, திரை போட்ட ஒரு இடம். மின்விசிறிகூட வேண்டாம். கூட்டித் துடைத்துத் தருவோம்.

அதுவரை ஞாயிறு, செவ்வாய், வியாழன், வழமையான முற்றம்தான். சப்பாத்தும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், சீனிக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு, கையில் ஒரு இனிப்போடு வாருங்கள். கேற்றில் பெல் அடிக்க வேண்டாம், பிள்ளைகள் தூங்கும் நேரம். 86 படிக்குக் கீழே நின்று ஒரு மிஸ்ட் கோல் போட்டால் இறங்கி வருவோம், ரெண்டு பேரும்.